கடலுக்கு நூறு நாள் வேலை

எனக்குப் பெருமையடிக்கத் தெரியாது என்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை வரைந்தால்கூட அதைப் போட்டோ எடுத்து, வில்லாபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் தூங்குவேன். "நீ வாசல்ல கோலம் போட்டாக்கூடக் கீழ கையெழுத்துப் போடுவ" என்பார் என் வீட்டுக்காரர். அப்படிப்பட்ட நான் இதுவரை செய்ததில் ஆகப் பெரிய வேலை எது என்று கேட்டால், அது என்னுடைய வேலையே இல்லை. என் மதினியுடையது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது.

நான் ஓவிய டீச்சர். பிறந்தது திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். எங்கள் அப்பா அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஊரார் வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்துத்தான் என்னையும் அண்ணனையும் படிக்கவைத்தார்கள். அண்ணன் பாதியில் படிப்பை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டார். இன்று ஒரு ஏக்கர் அவர் பெயரில் இருக்கிறது. நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டேன். மதினி அந்த அண்ணனின் மனைவி. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், வாயில் இருபது வயது மூத்தவர்.

ஊரில் நூறு நாள் வேலையில் ஒரு குழுவுக்கு மதினிதான் பொறுப்பு. கண்மாய்க்குள் மண்ணை வெட்டிக் கரையில் கொட்டுகிற வேலை. வெட்டும்போது குழியின் நடுவில் ஒரு சின்னத் திட்டை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவார்கள். பழைய தரை அதன் தலையில் புல்லோடு அப்படியே நிற்கும். ஓவர்சியர் வந்து, திட்டின் தலையிலிருந்து குழியின் அடிவரைக்கும் டேப்பைப் பிடித்து, இவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்வார். எழுதியபிறகுதான் அது வேலை. அதற்கு முன்னால் அது வெறும் பள்ளம். "அளக்காத வேல செய்யாத வேல" என்று மதினியின் குழுவில் பேச்சுக்குப் பேச்சு சொல்வார்கள். மதினியிடம் ஒரு தேங்காய் நார்க் கயிறு உண்டு. அவருடைய கையால் முழம் போட்டு, முழத்துக்கு ஒரு முடிச்சு. ஓவர்சியர் டேப் வருவதற்கு முன்னால் அந்தக் கயிறுதான் ஆளாளுக்குப் பங்கு பிரிக்கும். அதில் ஒரு தடவைகூடச் சண்டை வந்ததில்லை.

மதினிக்கு அடி விழுந்தது ஒரு புரட்டாசிக் கடைசியில். இருபது நாள் வெட்டிக் கரையைப் பலப்படுத்தி முடித்திருந்தார்கள். மறுநாள் காலையில் ஓவர்சியர் அளக்க வருவதாகப் பேச்சு. அன்று சாயங்காலம் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. கண்மாய் நிறைந்தது, மூன்றாம் நாள் கரை ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு போனது. மறுகாலில் கருவேல முள் மண்டி, மிஞ்சின தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கிடந்தது ஊருக்கே தெரியும். அதை வெட்டச் சொல்லி மதினி இரண்டு தடவை கேட்டதும் தெரியும். ஆனால் பழி சொல்ல ஆள் வேண்டுமே. கண்மாய்க்குக் கீழே நிறைய வயல் வைத்திருக்கிற ஒரு பெரியதனக்காரர் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னாராம்: "பொம்பளைக கட்டுன கரை பின்ன எப்பிடி நிக்கும்? மரத்தடியில பேன் பாத்துக்கிட்டே கட்டுனதுதான?"

கூலி எப்படியோ பின்னால் வந்து சேர்ந்தது. ஆனால் குழிகள் தண்ணீருக்குள் கிடந்தன, கரை தண்ணீரோடு போய்விட்டது, அவர்கள் வெட்டினார்கள் என்று காட்ட ஒரு சட்டி மண் மிச்சமில்லை. "பொம்பளைக கட்டுன கரை" என்பது ஊரில் சொலவடையாகவே ஆகிவிட்டது. யாராவது வீட்டுச் சுவர் விழுந்தால், பந்தல் சாய்ந்தால், சைக்கிள் பஞ்சரானால்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மதினி கயிற்றைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்த வாய் மூடிக் கிடந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஓவியக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு முயற்சியை ஆரம்பித்தார்கள். ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை. ஒரு பருவத்தில் காற்றும் கடலும் மணலைக் கொண்டுவந்து சேர்க்கும், இன்னொரு பருவத்தில் திரும்ப அள்ளிக்கொண்டு போகும். நிலையான கரை என்று ஒன்று அங்கே கிடையாது. அந்த மணலில் ஆளுக்கு ஓர் இடத்தில் எதையாவது செய்யலாம். சிமெண்ட், இரும்பு, பிளாஸ்டிக் கூடாது. செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். மிச்ச வேலையைக் காற்றும் கடலும் பார்க்கும். நூறு நாள் கழித்து வந்து என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. திருப்பரங்குன்றம் மலைமேல் நின்று தெற்கே பார்த்தால் கண்மாய்க் கரைகள் எல்லாம் வெட்டிப்போட்ட நகம் மாதிரி வளைந்து வளைந்து கிடக்கும். அதில் ஒன்றைக் கடற்கரையில் கட்டுவது. மதுரையின் கண்மாயைக் கடலுக்குக் கொண்டுபோவது! விண்ணப்பத்தில் இதைப் பக்கம் பக்கமாக எழுதினேன். எடுத்துக்கொண்டார்கள். கட்டுவதற்கு ஆள் வேண்டும், மண் வேலை தெரிந்த ஆள். மதினியை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

"கண்மாயில கட்டுனதே நிக்கல" என்றார் மதினி. "கடல்ல போயி வேற மானத்த வாங்கணுமா?"

"அங்க நம்மள யாருக்குத் தெரியும் மதினி? மூணு நாள் வேல. மிச்ச நூறு நாளும் கடல் பாத்துக்கிரும்."

"நூறு நாளா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "கடலுக்கும் வேல அட்ட போட்டுக் குடுத்துட்டாகளாக்கும்."

ஆறேழு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். சிரித்த வாயோடு, "சரி, வாரேன். ஆனா எதச் செஞ்சாலும் அளந்துதான் செய்யணும். சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்றேன். பரணிலிருந்து கயிறு இறங்கியது. குழுவில் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்.

இங்கே என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் 'கலைஞர்' என்ற இடத்தில் என் பெயர், பட்டம், பள்ளி எல்லாம் எழுதியிருந்தேன். 'உதவி' என்ற இடத்தில் 'கூலியாட்கள் ஐந்து பேர்' என்று எழுதினேன். எழுதும்போது அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூலி வேலை செய்து வளர்த்தவர்கள் வயிற்றில் பிறந்தவள் நான்.

கோடை விடுமுறையின் கடைசி வாரம் கிளம்பினோம். உடைந்த கரையை அடைக்கும்போது அடியில் முள்ளைப் போட்டு அதன்மேல் மண் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஒரு குட்டியானை வண்டி நிறைய முள் வேண்டும் என்றார் மதினி. எங்கே வெட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதே மறுகாலில். கரையை உடைத்த அந்தக் கருவேலத்தைத் தூரோடு வெட்டி, கவைக்கம்பால் அமுக்கிக் கட்டி, வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது மதினி ஒவ்வொரு கட்டையும் ஓங்கி ஓங்கிக் குத்தினார். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "திருநெல்வேலிக்கே அல்வாவா? ராமநாதபுரத்துக்குக் கருவேல முள்ளு கொண்டுபோற ஆளு ஒலகத்துலயே நீங்கதான்" என்றார். மதினி அவரிடம், "அங்க உள்ளது அங்க உள்ள முள்ளு. இது எங்களுக்கு வேண்டப்பட்ட முள்ளு" என்றார்.

கடற்கரையில் எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு பலகை நட்டு வைத்திருந்தார்கள். மரப்பலகைதான். அதில் வேலையின் தலைப்பு, கீழே கொட்டை எழுத்தில் என் பெயர். மதினி எட்டாம் வகுப்பு, எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார். வாசித்துவிட்டு, "ஒம் பேரு பெருசா இருக்கு, நல்லது" என்றார். நானும் பெருமையாகச் சிரித்து வைத்தேன்.

இரண்டு நாளில் கரை எழுந்துவிட்டது. ஈர மணல் வெட்ட வெட்ட வந்தது. எங்கள் ஊர்க் கரிசலோடு பார்த்தால் அது பிசைந்து வைத்த புட்டு மாவு. தண்ணீர் ஓரமாகவே, அலை வந்து தொடுகிற இடத்திலேயே கரை போட்டோம். கண்மாயில் அப்படித்தானே, தண்ணீருக்குப் பக்கத்தில்தான் கரை. அடியில் முள், மேலே மணல், உள்பக்கம் சரிவு, வெளிப்பக்கம் செங்குத்து, இடுப்பளவு உயரம், அரை வட்டம். மதினி கயிறு பிடித்து அளந்து அளந்து நெரவினார். முள்ளில் பாதிக்கு மேல் மிஞ்சிப் போயிற்று. அதை மேட்டில், வறண்ட மணலில் கண்டபடி இழுத்துப் போட்டுவிட்டோம். ட்ரோன் பறக்கவிட்டு மேலேயிருந்து படம் எடுத்தார்கள். பார்த்தால் சாட்சாத் எங்கள் கண்மாய்! அதை உடனே வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். மதினி தோளை நிமிர்த்தி நின்று கரையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் அவரைக் கூட்டிவந்தேன்.

பக்கத்தில் மீன் காயப்போடுகிற ஒரு அம்மா இரண்டு நாளாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது வயது இருக்கும், மதினியை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அவர் கருவாடு போடுகிற மணல் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் வந்து, "அக்கா, இன்னைக்குப் பௌர்ணமி. தண்ணி இங்குட்டு ஏறுமே" என்றார்.

"ஏறட்டும்" என்றார் மதினி. "தண்ணி வந்தா நிப்பாட்டத்தான கரை?"

அந்த அம்மா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

விடிந்து போய்ப் பார்த்தால் கரை இல்லை. இடிந்து கிடந்தது, சரிந்து கிடந்தது என்று சொல்லவாவது ஏதாவது வேண்டுமே! துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அடியில் வைத்த முள்ளைக்கூட உருவிக் கொண்டுபோய்த் தூரத்தில் ஒதுக்கியிருந்தது. பலகை மட்டும் கொஞ்சம் மேட்டில் என் பெயரோடு நின்றது. மதினி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நல்லவேள, இதுல எம் பேரு இல்ல" என்றார்.

சுருக்கென்று எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. குத்துவதற்காகச் சொன்னாரா, உண்மையிலேயே நிம்மதிப்பட்டுச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. "என் கைராசி அம்புட்டுத்தான் போல. மண்ணு என்னைய விட்டுப் போயிருச்சு" என்று அப்புறம் சொன்னார். கூட வந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் இது எப்படிப் பேசப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். என் செல்போனில் 'சூப்பர் டீச்சர்', 'செம டீச்சர்' என்று வந்து விழுந்துகொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டின் ஒருங்கிணைப்பாளர் வந்தார். நல்ல மனிதர்தான். மென்மையாக, "கரைஞ்சு போறதும் ஒரு கலைதான் மேடம்" என்றார்.

"உங்க வீட்டுச் சுவர் கரைஞ்சாலும் இப்படித்தான் சொல்வீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் பாவம், ஒரு எட்டு பின்னால் போனார். அழுகையும் கோபமும் எனக்கு ஒரே வழியாகத்தான் வரும். கடலைப் பார்த்தும் ஏதோ கத்தினேன். அது காதில் வாங்கவில்லை.

மூட்டை கட்டலாம் என்று முடிவானது. மிஞ்சின முள்ளை அப்படியே விட்டுப் போகக் கூடாது, யார் காலிலாவது ஏறும், எடுத்துவிடுவோம் என்று மதினி கவைக்கம்போடு மேட்டுக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் கூப்பிட்டும் வரவில்லை. நான் போனேன்.

"இத எடுக்க முடியல" என்றார். "வந்து பாரு. மண்ணு புடிச்சிருச்சு."

இரண்டு நாளாகத் தென்மேற்குக் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் கண்ணில் மணல் விழுகிறது என்று முந்தானையால் மூடிக்கொண்டு திட்டிய அதே காற்று. அது அள்ளிவந்த மணல் ஒவ்வொரு முள் கட்டிலும் சிக்கி, கட்டு பாதி புதைந்து, அதன் பின்னால் நீளமாக ஒரு மணல் வால் இறங்கியிருந்தது. நாங்கள் கண்டபடி வீசியதால் வால்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. ஆனால் எல்லாம் ஒரே திசையைப் பார்த்தன. மதினி ஒரு வாலை அழிக்காமல் ஓரமாக நடந்து பார்த்தார். கயிற்றை எடுத்தார். ஒரு முழமும் நாலு விரலும் இருந்தது.

"கண்மாய்த் தண்ணி வந்தா நிக்கும். இது நிக்காது, வந்து வந்து போகும்" என்றார். "இத நாம நிப்பாட்டப் பாத்தோம். நாம கட்டுனத அது கொண்டுபோயிருச்சு. நாம போட்டத அது கட்டுது பாரு!"

கடைசி வார்த்தையில் அவர் குரல் ஏறியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனை வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கண்ணால் பார் என்று எத்தனை பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். அந்த மேட்டைத் தாண்டித்தான் நானும் இரண்டு நாளாகச் சாப்பிடப் போய்வந்தேன். எனக்கு அது குப்பையாகத்தான் தெரிந்தது.

மதினி நேராக அந்த மீன்கார அம்மாவிடம் போனார். "நேத்து நீ சொன்னத நான் கேக்கல தாயி. இப்பச் சொல்லு. தண்ணி எதுவரைக்கும் வரும்? ஆடியில காத்து எந்தப் பக்கம் திரும்பும்?" என்று கேட்டார். அந்த அம்மா எழுந்து வந்து காலால் கோடு கிழித்துக் காட்டினார். முள்ளைப் பார்த்து, "படகு இழுக்குற தடத்துல போட்டுறாதீகக்கா, வல கிழிஞ்சு போகும்" என்றார். அவர் சொன்ன இடங்களில் எல்லாம் வழி விட்டோம். முள் கட்டுகளைத் தோண்டியெடுத்து மறுபடி போட்டது முன்னே போட்ட அரை வட்டம்தான். ஆனால் இப்போது கடல் ஏறும் கோட்டுக்கு மேலே, கட்டுக்குக் கட்டு கயிறு பிடித்து இடைவெளி விட்டு, திறந்து திறந்து கிடந்தது. நான் எதிலும் தலையிடவில்லை. முள் தூக்கினேன். என் கையில் ஏறிய முள்ளை மூன்று நாள் கழித்துத்தான் எடுக்க முடிந்தது.

எல்லாம் முடிந்ததும் மதினி ஒரு வேலை செய்தார். நேரான கருவேலங்கம்புகளைத் தோலுரித்துக் கட்டுக்கு ஒன்றாக ஆழமாக நட்டார். தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, ஒவ்வொரு கம்பிலும் மணல் தொடுகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார்.

"இது எதுக்கு மதினி?"

"இன்னைக்குத் தர இதுதான்னு தெரிய வேண்டாமா? நூறு நாள் அது வேல பாக்கப்போகுது. எம்புட்டுப் பாத்துச்சுன்னு அளக்கணும்ல?"

கண்மாய்க் குழியில் வெட்டாமல் விடுகிற திட்டுதான் அது. இங்கே வெட்டுவதற்குப் பதில் கொட்டுவதால் சேலைக் கிழிசல் ஆகியிருந்தது.

அந்த நூறு நாளும் மதினி எனக்கு வாரம் ஒருமுறை போன் பேசினார். மீன்கார அம்மாவிடம் நம்பர் வாங்கி வைத்திருந்தார். அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது எனக்கு அப்படியே வந்து சேரும். "காத்து ரெண்டு நாளா வேலைக்கு வரலையாம்." "நேத்து ஓவர்டைமாம், ரெண்டு கட்டு மூடிருச்சாம்." ஊரில் அதற்குள் செய்தி பரவியிருந்தது, கடலில் போய்க் கட்டியதும் ஒரே ராத்திரியில் போய்விட்டது என்று. பெரியதனக்காரர் டீக்கடையில், "கண்மாய் போயி இப்பக் கடலும் போச்சா" என்றாராம். மதினி அதையும் எனக்குச் சொன்னார். சொன்னவர் குரலில் பழைய நோவு இருந்தது. "அளக்காம நான் எதுவும் பேச மாட்டேன்" என்றார்.

நூறாவது நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. இந்தத் தடவை குழு முழுவதும், பதினெட்டுப் பெண்களும் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். இறங்கியதும் எனக்கு இடமே அடையாளம் தெரியவில்லை. முள் அநேகமாகக் கண்ணிலேயே படவில்லை. அரை வட்டமாக ஒரு மணல் மேடு, நடுநடுவே படகுத் தடங்கள், மேட்டின் முதுகில் அடம்பங்கொடி ஊதாப் பூவோடு படர ஆரம்பித்திருந்தது. நாங்கள் அதை நடவே இல்லை. பெரும்பாலான கம்புகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. என் பெயர்ப் பலகை கழுத்துவரைக்கும் புதைந்து, மேல்விளிம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. என் பெயர் எங்கேயோ மணலுக்குள். மேலே சாளைக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

மதினி முதல் கம்பிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு பேர் கம்பை ஒட்டிக் கையால் மணலைத் தோண்டிச் சிவப்புத் துணியைத் தேடுவது, கண்டதும் மதினி கயிற்றைப் பிடித்து மேல்மட்டம்வரைக்கும் அளப்பது, இன்னொருத்தி நோட்டில் எழுதுவது. ஒன்றரை முழம். ஒன்றே முக்கால். இரண்டு முழம் இரண்டு விரல். ஏழாவது கம்பில் துணி மேலேயே தெரிந்தது. அங்கே மணல் சேரவே இல்லை. "இந்த ஆளு வேலையே பாக்கல, ஆப்சென்ட் போடு" என்றார் மதினி. எல்லோரும் சிரித்தார்கள். நோட்டின் தலைப்பில் ஆள் பெயர் எழுதுகிற இடத்தில் 'கடல்' என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன். ஒருங்கிணைப்பாளர் வாயைத் திறக்காமல் கூடவே நடந்தார். என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும்.

அளந்து முடிந்தபோது மீன்கார அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே யாரையோ உரக்கக் கூப்பிட்டார். படகுப் பக்கம் நின்ற தன் வீட்டுக்காரரைத்தான். "ஏங்க, கூடைய அங்க வைக்காதீக. மதுரப் பொம்பளைக மேட்டுக்குக் கொண்டாங்க."

மதினி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எங்க கொண்டாறச் சொன்ன?"

"இங்கதாக்கா, மதுரப் பொம்பளைக மேடு" என்றார் அவர், இதில் என்ன கேள்வி என்பது மாதிரி. "எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாக. நீங்கதான கட்டுனீக?"

மதினி அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். எல்லோரும் அவரைச் சுற்றி நின்றோம். 'பொம்பளைக கட்டுன கரை' என்று ஒரு வருஷமாகக் காதில் குத்திய சொல், இங்கே, எங்களை யாருக்கும் தெரியாத ஊரில், ஒரு இடத்துக்குப் பேராக நின்றது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். எனக்கு அன்றைக்கு வந்த பெருமை என் எந்தப் படத்துக்கும் வந்ததில்லை.

மதுரையில் அந்த வேலைகளின் புகைப்படங்களைக் கண்காட்சியாக வைத்தபோது, நான் முன்னாலேயே போய் என் பழைய விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, 'கூலியாட்கள் ஐந்து பேர்' என்ற வரியை என் கையால் அடித்தேன். படத்துக்குக் கீழே ஆறு பெயர்கள், முதல் பெயர் மதினியுடையது. பக்கத்தில் கண்ணாடிக்குள் அந்த நோட்டு. மதினி வந்து பார்த்துவிட்டு, "எம் பேரு பெருசா இருக்கு, நல்லது" என்றார். இந்தத் தடவை குத்தவில்லை.

ஊர்ப் பெரியதனக்காரர் மன்னிப்பொன்றும் கேட்டுவிடவில்லை. டீக்கடையில் அந்தச் சொலவடை மட்டும் மெல்ல நின்றுபோயிற்று. அடுத்த வேலை ஆரம்பித்தபோது மதினி கயிற்றோடு முதல் ஆளாகப் போய் நின்றார். மறுகாலில் மிச்சமிருந்த முள்ளை வெட்டிய பிறகுதான் மற்ற வேலை என்று சொல்லி, வெட்டவும் வைத்தார்.

அப்புறம் வாடைக்காற்றுக் காலம் வந்தது. தை மாதம் ஒருநாள் நான் வகுப்பில் இருக்கும்போது மீன்கார அம்மாவிடமிருந்து போன். "டீச்சரு, மேடு போயிருச்சு. கடைசிக் கம்பையும் நேத்துக் கொண்டுபோயிருச்சு" என்றார். இப்படித்தான் ஆகும் என்று முதல் நாளே தெரியும், ஏற்பாடே அதுதான். ஆனாலும், இதை மதினியிடம் எப்படிச் சொல்வது? பழைய கரை உடைந்தபோது அவர் இருந்த இருப்பு கண்முன்னால் வந்தது. மத்தியானம் சாப்பாட்டு மணியடித்ததும் மைதானத்து வேப்பமரத்தடிக்குப் போய் நின்று கூப்பிட்டேன். அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டது.

"மதினி, மேடு போயிருச்சாம்."

"எல்லாமா?"

"எல்லாந்தான். கம்புகூட இல்லையாம்."



"போகட்டும்" என்றார் மதினி. "அளந்தாச்சுல்ல?"

அந்தப் பக்கம் யாரோ மதினியைக் கூப்பிட்டார்கள்.

"சரி, போன வையி. ஓவர்சியர் வந்துட்டாரு."